கிணற்றடியில் ஒரு சத்தம்

வீட்டிற் பழகிய பொருளொன்று பழகாத குரலில் ஒலிக்கத் தொடங்குமாயின், மனித மனம் முதலில் அச்சங் கொள்கிறது. பின்னர் எரிச்சல் கொள்கிறது. வேறு வழி இல்லாதபோதே ஆராயத் தலைப்படுகிறது. இம்மூன்று நிலைகளையும் யான் எமது வேலணை வீட்டுக் கிணற்றடியில், ஓர் ஆவணி மாதத்தில், ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தேன். அப்பொழுது கற்றவற்றை ஈண்டுப் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

தீவுப்பகுதியிற் பிறந்தோர்க்குக் கிணற்றின் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பிறர்க்காகச் சிறிது கூறல் வேண்டும். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய இந்நிலங்களில் ஆறு இல்லை, மலை இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழையில் ஒரு பகுதி கடலுக்குள் ஓட, எஞ்சியதில் ஒரு பங்கு சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி நிற்கிறது. ஆண்டு முழுவதற்கும் அதுவே எமது முதல். ஒரே வளவில் ஒரு கிணறு நன்னீராகவும் மறு கிணறு சவராகவும் இருத்தல் உண்டு. ஆதலின் பெண் கொடுப்போர் மாப்பிள்ளையின் உத்தியோகத்தை விசாரிக்கு முன்னர் வீட்டுக் கிணற்றின் சுவையை விசாரித்தனர் என முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றேன்.

எமது கிணறு பதினெட்டடி ஆழமுடையது. நல்ல தண்ணீர்க் கிணறு. 1990களின் தொடக்கத்தில் ஊரைவிட்டு இடம்பெயர்ந்த நாம் பல்லாண்டுகளின் பின் மீண்டபோது, வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை. கிணற்றுக்குத் தண்ணீர் இருந்தது. குப்பையை அள்ளி, இறைத்துத் துப்புரவாக்கி, ஊறி வந்த நீரைக் கையில் ஏந்தி அம்மா குடித்துப் பார்த்த காட்சி இன்றும் என் கண்முன் நிற்கிறது. அவர் ஒன்றும் பேசவில்லை. தலையை மட்டும் அசைத்தார். அந்த அசைவை நம்பியே வீட்டைத் திருத்தினோம்.

வீடு எழுந்தபின் வசதிகளும் எழுந்தன. ரொறன்ரோவில் வாழும் அண்ணா அனுப்பிய பணத்தில் மின்மோட்டர் பூட்டினோம்; ஆயிரம் லீற்றர்த் தாங்கி கட்டினோம்; குளியலறையில் நீர்த்தூவி வந்தது; முற்றத்துத் தென்னைகளுக்குக் குழாய் சென்றது. ஆளியை அழுத்தினால் தண்ணீர் வரும் என்பது ஓராண்டில் எமக்கு இயற்கை விதிபோல் ஆயிற்று.

அவ்வாறிருக்கையில் ஒரு நாட் காலை மோட்டர் கத்தியது. வழமையான இரைச்சலன்று, இரும்புப் பெட்டிக்குள் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்குவது போன்றதொரு சத்தம். சில நிமிடங்கள் கழிந்து அது தணியும், மீண்டும் எழும். அயலிலிருந்து வந்த திருத்துநர் மோட்டரைத் தொட்டும் பார்த்தார், தட்டியும் பார்த்தார். “பெயாரிங் போட்டுது” என்றார். பெயாரிங் மாற்றப்பட்டது, பணம் கொடுக்கப்பட்டது, சத்தமோ அப்படியே இருந்தது.

அன்றிரவு அண்ணா தொலைபேசியில் அழைத்தபோது மோட்டரை ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்கச் செய்தேன். அவர் சிரித்தார். “தம்பி, உந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எங்கடை வீட்டுச் சுடுதண்ணித் தொட்டியும் போன மாரிக்கு உப்பிடித்தான் கத்தினது. வந்து பாத்தவன் மோட்டரைத் தொடவே இல்லை. வடியைக் கழட்டிக் கழுவினான், சத்தம் நிண்டுட்டுது.”

பனி மூடிய முற்றத்தில் வெந்நீர் நிறைத்து அதனுள் அமர்ந்திருக்கும் ஒரு தொட்டியை அதற்கு முன் யான் கற்பனை செய்ததில்லை. ஆயிரத்தைந்நூறு லீற்றர் நீர் அதனுள் ஓயாது சுற்றுமாம். குடிநீரைக் குடத்தில் அளந்து வாழ்ந்த தாயின் மகன் அதில் அமர்ந்திருக்கிறான் என்ற எண்ணம் ஒரு கணம் என்னை உறுத்தியது. ஆயினும் அவர் தந்த குறிப்பு பெறுமதியுடையது. தேடவேண்டிய இடம் இயந்திரத்தின் உள்ளன்று, அதற்கு நீர் வரும் வழி.

மறுநாள், பொறியியல் கற்பிக்கும் நண்பரொருவர் எளியதொரு சோதனை சொன்னார். மோட்டரிலிருந்து மேலே செல்லும் குழாயின் அடைப்பைச் சற்று மூடிப் பார்க்க வேண்டும். பெயாரிங்கின் சத்தமாயின் பெரிதும் மாறாது. நீர் போதாமையால் வரும் சத்தமாயின் தணியும். மூடினேன், தணிந்தது. அவர் தந்த விளக்கம் என்னை வியப்பில் ஆழ்த்தியது. நீர் கொதிப்பதற்குத் தீ இன்றியமையாததன்று. அழுத்தம் போதிய அளவு குறையுமாயின் கிணற்றுக் குளிர்நீரும் கொதிக்கும். உறிஞ்சும் வழி அடைபட, மோட்டரினுள் சுழலும் சில்லின் முகப்பில் அழுத்தம் வீழ்கிறது. நீராவிக் குமிழ்கள் தோன்றுகின்றன. அழுத்தம் மிகுந்த பக்கத்தை அடைந்ததும் அவை நொறுங்குகின்றன. ஒவ்வொரு நொறுங்கலும் ஒரு சிறு சம்மட்டி அடி. கூழாங்கற் சத்தம் அதுவே. ரொறன்ரோத் தொட்டியின் நீர் சூடாக இருப்பதால் அங்கே குமிழ் இன்னும் எளிதில் தோன்றும்.

‘கவிற்றேஷன்’ எனப்படும் இவ்விளைவைப் பொறியியலார் முதலிற் கண்டது கடலிலேயாம். 1890களில் ‘டேறிங்’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல், எதிர்பார்த்த வேகத்தை எட்டாது நின்றமைக்கு அதன் உந்துவிசிறியைச் சூழ்ந்த இக்குமிழ்களே காரணம் என அறியப்பட்டது. 1917ஆம் ஆண்டில் றேலி பிரபு, குமிழ் நொறுங்கும்போது தோன்றும் அழுத்தத்தைக் கணித்துக் காட்டினார். கொதிக்கத் தொடங்கும் கேத்தலின் சத்தத்தைப் பற்றிய ஒரு விவரணத்தைப் படித்தபோதே அவ்வாய்வில் இறங்கியதாக அவர் எழுதியுள்ளார். அடுப்பங்கரைக் கேத்தலும் போர்க்கப்பலும் எமது வேலணை மோட்டரும் ஒரே மொழியிற் பேசுகின்றன என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

குழாயை வெளியே எடுத்தோம். அதன் அடிநுனியில் உள்ள ‘புட் வால்வு’ பாசியும் சுண்ணாம்புப் படிவும் பற்றிப் பாதி அடைபட்டிருந்தது. சுரண்டிக் கழுவிப் பூட்டினோம். கூழாங்கற் சத்தம் நின்றது. நான் வென்றவனாய் அண்ணாவுக்குச் செய்தி அனுப்பினேன்.

நான்காம் நாள் வேறொரு சத்தம் கேட்டது. தாகமுற்றவன் வெறுஞ்செம்பை உறிஞ்சுவதுபோல், கடகடவென்று காற்றும் நீருமாக மோட்டர் விழுங்கியது. இம்முறை கிணற்றை எட்டிப் பார்த்தோம். ஆவணிக் கிணற்றில் நீர், குழாய் நுனியளவே நின்றது. திருத்துநர் உடனே வழி சொன்னார்: “இது சின்ன வேலை ஐயா. அடியிலை துளை போட்டுக் குழாயை இன்னும் இருவதடி இறக்குவம். பிறகு சத்தமே கேளாது.”

கிணற்றுக் கட்டில் அமர்ந்திருந்த அம்மா அப்பொழுதுதான் வாய் திறந்தார். “மோனை, உது மோட்டரிலை வாற சத்தம் இல்லை. கிணறு போதும் எண்டு சொல்லுது. நீங்கள் அதின்ரை வாயை அடைக்கப் பாக்கிறியள்.” பின்னர் மெல்லச் சொன்னார்: “ரெண்டு கிழமையாத் தேத்தண்ணி ருசி மாறிப்போச்சு. நான்தான் சொல்லேல்லை.”

என் உடல் குளிர்ந்தது. ஏனெனில் அம்மா நாவால் அறிந்ததை யான் ஏட்டில் அறிந்திருந்தேன். தீவின் நன்னீர், கடலிலிருந்து பாறையினூடு புகுந்த உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. 1880களின் இறுதியில் ஒல்லாந்தப் பொறியியலாளரான கைபன் என்பாரும், 1901இல் வடகடற் கரையின் நீர்வழங்கலை ஆராய்ந்த ஹேர்ஸ்பேக் என்பாரும் தனித்தனியே இதனைக் கணித்தனர். கடல்நீர் நன்னீரிலும் நாற்பதில் ஒரு பங்கு அடர்த்தி கூடியது. ஆகவே கடல்மட்டத்தின்மேல் ஓரடி நன்னீர் நிற்குமாயின் அதன் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும். இக்கணக்கின் மறுபக்கமே அஞ்சத்தக்கது. மேலே ஓரடி இறைத்துத் தாழ்த்தி, அவ்வாறே தாழ்ந்திருக்கவும் விடுவோமாயின், கீழிருந்து உவர் நாற்பதடி எழ முயலும். பாறையின் வெடிப்புகள் இக்கணக்கைக் கூட்டும், குறைக்கும், திசையை மாற்றா.

எனவே இருபதடி இறக்கிய குழாய் சத்தமின்றி ஓடியிருக்கும். சத்தமின்றி உவரையும் மேலே இழுத்திருக்கும். இடப்பெயர்வு அழிக்காது விட்ட ஒரே சொத்தை, ஓசை பொறாத என் செவி அழித்திருக்கும். முதலாவது சத்தம் இயந்திரத்தின் குறை. அதைத் திருத்தியமை சரியே. இரண்டாவது எமது வாழ்க்கைமுறையின் குறை. இரண்டையும் ஒரே பிணியெனக் கொண்டு ஒரே மருந்து தேடியமையே எனது தவறு.

திருத்துநரை வணங்கி அனுப்பினோம். குழாயை இறக்காது, ஒரு முழம் உயர்த்திக் கட்டினோம். நீர் அதற்குக் கீழே தாழ்ந்தால் இறைப்பு நிற்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டமாயிற்று. காலையிலும் மாலையிலுமாகச் சிறிது சிறிதாக இறைத்தோம். நீர்த்தூவி மூடப்பட்டது, குளித்த நீர் தென்னைக்குச் சென்றது. குடிப்பதற்கு வாளியால் மேல்நீரை மட்டும் அள்ளினோம். ஐப்பசி மழைக்குப் பின்னும் சுவை உடனே மீளவில்லை. அடுத்த தை மாதத்தில் ஒரு நாள் அம்மா தேநீரைக் குடித்துத் தலையை அசைத்தார்.

எம் பாட்டனார் காலத்தில் துலா மிதித்தோர் கிணற்றின் நிலையை உடம்பால் அறிந்தனர். கயிறு எத்தனை முழம் இறங்குகிறது, பட்டை எவ்வளவு நேரத்தில் நிறைகிறது என்பன அவர்தம் கைகளுக்குத் தெரியும். மோட்டர் எமது உழைப்பைக் குறைத்தது நன்றே. துலாவுக்கு மீளுங்கள் என்று எவரையும் யான் அழைக்கவில்லை. ஆனால் உழைப்போடு அவ்வறிவையும் அது எடுத்துச் சென்றது. எஞ்சியிருப்பது சத்தம் ஒன்றே. அதையும் நிறுத்திவிட்டாற் கிணறு எம்மோடு பேச வேறு வழி இல்லை.

இப்பொழுதெல்லாம் ஊருக்குச் செல்லும்போது ஆளியை அழுத்துமுன் ஒருமுறை வாளியை இறக்குகின்றேன். அது நீரைத் தொடும் ஓசை எவ்வளவு நேரத்தில் கேட்கிறது என்று செவிமடுக்கின்றேன். அம்மா திண்ணையிலிருந்து “எவ்வளவு நிக்குது?” என்று கேட்பார். விடை சொல்ல எனக்கு இப்போது தெரிகிறது.