மொட்டைமாடியில் காவிரி

பெங்களூரின் நீலசந்திரா. ஓர் ஆட்டோ வந்தால் ஸ்கூட்டர் ஒதுங்க வேண்டிய தெரு. மூன்று மாடி வீடு. படிக்கட்டு முடியும் இடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கூரையடியில் பழைய தையல் மெஷின் மேஜை. மெஷின் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு சின்ன வைஸ்.

மேஜைமேல் ஹேக்ஸா பிளேடு, அரம், குறடு, ஈயக் குண்டு. சிவப்பு நகப்பூச்சு. அறுந்த பாசிமணி மாலை. ஹார்லிக்ஸ் பாட்டிலில் மூன்றுமுனைத் தூண்டில் முட்கள்.

பெரியவருக்கு எழுபது இருக்கும். லேத்தில் நின்றே காலம் கழித்தவர். சட்டைப் பையில் இன்னும் ஸ்டீல் ஸ்கேல். பையன் பி.யு.சி. இரண்டாம் வருடம். அவன் சட்டைப் பையில் செல்போன்.

வைஸில் ஓர் எவர்சில்வர் ஸ்பூன். காம்பு அறுபடுகிறது. குழி மிஞ்சுகிறது. அரம் விளிம்பில் ஓடுகிறது. விரல் அதே விளிம்பில் ஓடுகிறது. மறுபடி அரம். இரண்டு முனையிலும் துளை. ஒன்றில் வளையம், வளையத்தில் முள். மற்றதில் வளையம், சுழலும் ஸ்விவல்.

கீழே சமையலறையிலிருந்து குரல்.

"ஏங்க, டஜன்ல இன்னும் எத்தனை மிச்சம்?"

பெரியவர் அரத்தை ஊதுகிறார். பதில் இல்லை.

பையனுக்கு வேறு வேலை. தூண்டில் கட்ட ஒரு கிட்டார் கம்பி. குறடால் நுனியை வளைத்துக் கண் போட வேண்டும். கண் வட்டமாக இருக்க வேண்டும். கம்பியின் நடுக்கோட்டில் இருக்க வேண்டும். முதல் கண் முட்டை. அடுத்தது ஒரு பக்கம் சாய்கிறது. பெரியவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறார். பழைய பிஸ்கட் டின்னைக் காலால் நகர்த்துகிறார். கம்பி டின்னில் விழுகிறது. டின் பாதி நிறைந்திருக்கிறது.

மேஜையின் மறுகோடியில் ஒரு தக்கை. மீன் வடிவில் சீவப்பட்டது. அதன்மேல் சாக்லேட் சுற்றிவந்த வெள்ளித் தாள். இதே வேலையை 1936-இல் பின்லாந்தில் லவுரி ராபலா செய்தார். தக்கை, செருப்புத் தைக்கும் கத்தி, சாக்லேட் தாள். மேல்பூச்சுக்கு உருக்கிய போட்டோ நெகட்டிவ். அவர் பெயரில் இன்று உலகெங்கும் விற்கும் கம்பெனி இருக்கிறது. இங்கே நெகட்டிவுக்குப் பதில் அரால்டைட். கம்பெனி இல்லை.

பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கவர். கீழ்த்தெருக் கோழிக்கடையிலிருந்து வந்தது. உள்ளே சேவலின் கழுத்து இறகுகள். கழுவிக் காயவைத்தவை. பெரியவர் ஒவ்வொன்றாக எடுக்கிறார். முள்ளின் காம்பில் வைக்கிறார். தையல் நூல் சுற்றுகிறது. நாக்கு உதட்டோரம் வந்து நிற்கிறது.

வெளிநாட்டுத் தூண்டில்காரர்கள் ஒரு காலத்தில் விலை கொடுத்துத் தேடியது சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகு. மெழுகுப் பளபளப்புள்ள புள்ளிகள் கொண்டது. தென்னிந்தியக் காடுகளின் பறவை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. கறிக்கடைச் சேவலை அந்தச் சட்டம் காக்கவில்லை.

செல்போன் ஒலிக்கிறது. கனடாவிலிருந்து பெரியவரின் அக்கா மகன் அனுப்பிய வீடியோ. பனி மூடிய கரை. இடுப்பளவு ஆற்றில் ஒருவர். தூண்டில் ஆற்றுக்குக் குறுக்கே போய் விழுகிறது. நீரோட்டம் அதை வில்லாக வளைத்துக் கரைப்பக்கம் கொண்டுவருகிறது. நரம்பு நேராகிறது. ஒன்றும் இல்லை. அவர் ஓர் அடி கீழே நகர்கிறார். மறுபடி வீசுகிறார். வில். நேர்கோடு. ஒன்றும் இல்லை. ஓர் அடி.

வீடியோ முடிகிறது. மீன் வரவில்லை.

"இன்னா மாமா, மீனே காணோம்?"

"அவன் காலைப் பாரு."

பையன் மறுபடி ஓட்டுகிறான். இந்த முறை காலைப் பார்க்கிறான்.

அங்கே தேடப்படும் மீன் ஸ்டீல்ஹெட். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய், முட்டையிட ஆற்றுக்கே திரும்பும் ரெயின்போ டிரவுட். இதே இனத்தைத்தான் வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்குக் கொண்டுவந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெச். சி. வில்சன் அவலாஞ்சியில் அதைப் பொரிக்க வைத்தார். நீலகிரி ஓடைகளில் பிறந்தது கடலைப் பார்ப்பதில்லை.

மாடியின் நடுவில் நீல பிளாஸ்டிக் டிரம். உள்ளே காவேரித் தண்ணி. குழாயில் வரும் நாளில் பிடித்து வைப்பது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, மூன்று கட்டமாக, சுமார் 500 மீட்டர் உயரம் பம்ப் செய்யப்பட்டு பெங்களூருக்கு வருவது.

ஸ்பூன் டிரம்முக்குள் இறங்குகிறது. பெரியவர் நரம்பைக் கையாலேயே இழுக்கிறார். ஸ்பூன் தன்னையே சுற்றுகிறது. நரம்பு முறுக்கிக்கொள்கிறது.

"ஆடணும். சுத்தக் கூடாது."

வெளியே எடுக்கிறார். கட்டைவிரலால் வால் பக்கம் ஓர் அழுத்தம். மீண்டும் தண்ணீர். இடம், வலம், இடம், வலம். டிரம்மின் நீலத்தில் ஒரு வெள்ளி மினுக்கல். இரண்டு தலைகள் குனிகின்றன.

"யாரு தொட்டாங்க அந்தத் தண்ணிய? மீன் வாடை வருது," என்கிறது கீழ்க்குரல்.

அந்தத் தண்ணீர் பாத்திரம் கழுவும். பிறகு சாக்கடை. சாக்கடைக்கு அப்பால் கோரமங்களா ராஜகால்வாய். கால்வாய் முடியும் இடம் பெல்லந்தூர் ஏரி. 2015-லும் 2017-லும் தீப்பிடித்த ஏரி.

மாலை. வெயில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போகிறது. வீசும் பயிற்சி. நரம்பு முனையில் முள் இல்லை, ஈயம் மட்டும். மாடியின் எதிர்க்கோடியில் ஒரு பக்கெட்.

ஆள்காட்டி விரல் நரம்பைப் பிடிக்கிறது. ரீலின் வளையம் திறக்கிறது. ராடு பின்னால் போகிறது. முன்னால் வருகிறது. விரல் விடத் தாமதிக்கிறது. ஈயம் காலடியில் அறைகிறது. அடுத்து, விரல் அவசரப்படுகிறது. ஈயம் வானத்துக்குப் போய்ப் பக்கத்து மாடிக் கொடியில் இறங்குகிறது. கொடியில் ஒரு நைட்டி. கூண்டில் புறாக்கள் படபடக்கின்றன. பக்கத்து வீட்டம்மாள் வருகிறார். நைட்டியிலிருந்து ஈயத்தைக் கழற்றுகிறார். ஒன்றும் சொல்லாமல் தருகிறார். இது அவருக்குப் புதிதல்ல.

மறுபடி. மறுபடி. பக்கெட்டின் விளிம்பில் ஒரு 'டங்'. பையன் திரும்பிப் பார்க்கிறான். பெரியவர் வேறு எங்கோ பார்க்கிறார். ஆனால் உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்கிறார்.

கூரையடிச் சுவரில் பத்திரிகையிலிருந்து வெட்டிய படம், செல்லோடேப் மஞ்சளாகியிருக்கிறது. ஒரு மஹசீர் மீன். ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவில் எழுத்து: கபினி, 1946, 120 பவுண்டு. பிடித்தவர் வான் இங்கன். மைசூரில் புலியும் சிறுத்தையும் பாடம் செய்த குடும்பம். 120 பவுண்டு என்றால் 54 கிலோ. பையன் எடை அதைவிடக் குறைவு.

கடைசி வேலை. பெரியவர் ஒவ்வொரு முள்ளாகக் குறட்டில் பிடிக்கிறார். முனைக்குக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள்ளை நசுக்குகிறார். டக். டக். டக். எதிர்முள் இல்லாத தூண்டில் மீன் வாயிலிருந்து சுலபமாகக் கழலும்.

"கழன்டுடும்ல மாமா?"

"கழலட்டும். விடறதுக்குத்தானே புடிக்கறோம்."

முடிந்தவை டிபன் டப்பாவுக்குப் போகின்றன. ஸ்பூன், தக்கை மீன், சேவல் இறகு. பையன் வளைத்த கண்களில் ஒன்று மேஜையிலேயே கிடக்கிறது. பெரியவர் ஸ்கேலை வைத்துப் பார்க்கிறார். டின்னைப் பார்க்கிறார். கம்பியை டப்பாவில் வைத்து மூடுகிறார்.

"காவேரிக்கு எப்ப மாமா?"

பெரியவர் கை கழுவப் போகிறார்.

காவிரியின் திமில் மஹசீருக்கு 2018-இல்தான் அறிவியல் பெயர் உறுதியானது: டோர் ரெமாதேவியி. அதே ஆண்டு அது அழிவின் விளிம்பில் நிற்கும் உயிரினமாகச் சிவப்புப் பட்டியலில் ஏறியது. வனவிலங்குச் சரணாலயத்துக்குள், ராகி உருண்டையும் ஸ்பூனும் கொண்டு மஹசீரைப் பிடித்து, எடை பார்த்து, ஆற்றில் விட்ட காலிபோர் மீன்பிடி முகாமுக்கு இப்போது இயற்கை முகாம் என்று பெயர். தூண்டில் நின்றுவிட்டது. ஆற்றில் வெடித் தோட்டா போட்டு மீன் பிடிப்பதற்கு 1897-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டமே தடை போட்டது. தோட்டா இன்னும் நிற்கவில்லை.