பேர் இல்லாத பிஸ்டல்

அல்சூரில் நான் குடியிருக்கும் வீட்டு ஓனருக்கு எழுபது வயசு தாண்டியாச்சு. கன்டோன்மென்ட் காலத்திலேயே இங்கே வந்த தமிழ்க் குடும்பம். போன மாசம் அவங்க தாத்தாவின் டிரங்குப் பெட்டியை ஒழிக்கும்போது, துணியில் சுற்றி ஒரு சின்ன பிஸ்டல். கம்பெனி பேர் இல்லை, நம்பர் இல்லை. துரு மட்டும் இருக்கு.

"தம்பி, நீ திருநெல்வேலிதானே? இது வாஞ்சிநாதன் துப்பாக்கி வந்த ஊர்லேர்ந்து வந்ததுன்னு தாத்தா சொல்வாரு. நிஜமா?"

நான் கம்ப்யூட்டர் தட்டுகிறவன். எனக்குத் தெரிந்த துப்பாக்கியெல்லாம் தீபாவளிக்குப் பொட்டுக் கேப் போட்டுச் சுடுவதுதான் :-) ஆனால் வாஞ்சி கதை தெரியும். 1911 ஜூன் 17, மணியாச்சி ஸ்டேஷன், கலெக்டர் ஆஷ். சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங்.

எதிர்வீட்டு ரிட்டயர்டு சுபேதாரைக் கூப்பிட்டோம். மனுஷர் முதலில் எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். குழாயைச் சுவர்ப்பக்கம் திருப்பி, திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்த பிறகுதான் பேச்சே. சார் உப்புத்தாள் எடுத்துவர, "தேய்க்காதீங்க, அடையாளம் போயிடும்" என்று தடுத்துவிட்டார்.

குதிரையின் மூக்கு தோட்டாவின் நடுவில் அடிக்காமல் ஓரத்தில் அடிக்கிற அமைப்பு. ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான். பாரிஸ்காரர் ஃப்ளோபேர் 1845 வாக்கில் கொண்டுவந்த குட்டித் தோட்டா வகை. பணக்காரர்கள் வீட்டு ஹாலில் குறி பார்த்து விளையாடியது!

அப்புறம் பூதக்கண்ணாடி. குழாயின் அடியில் முட்டை வடிவத்துக்குள் மூன்று எழுத்து: ஈ, எல், ஜி. பெல்ஜியத்து லியேஜ் நகரத்தின் சோதனை முத்திரை. அங்கே செய்தவன் பேர் போடாமல் விடலாம், முத்திரை இல்லாமல் விற்க முடியாது. 1893 முதல் அந்த முத்திரைக்கு மேல் கிரீடம் வரும். இதில் இல்லை. ஆக, அதற்கும் முந்தையது.

சார் முகம் வாடிப் போச்சு. "அப்ப வெறும் விளையாட்டுச் சாமானா?"

"பிரௌனிங் செஞ்ச ஹெர்ஸ்டால், லியேஜை ஒட்டின ஊர் சார். தாத்தா பொய் சொல்லலை" என்றார் சுபேதார். சார் ரொம்ப நேரம் பேசவில்லை.

அடுத்து வந்ததுதான் நிஜப் பிரச்சினை. பழசுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று நிறைய பேர் நினைக்கிறோம். 1959-ம் வருஷ ஆயுதச் சட்டம் 45-வது பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் பழசாக இருந்தால் மட்டும் போதாது, ரிப்பேர் செய்தாலும் சுட முடியாததாக இருக்கணும். இதில் குதிரை இன்னும் விழுகிறது. அமெரிக்காவில் இருக்கும் மகன், "ராத்திரியோட ராத்திரியா ஏரியில போடுங்கப்பா" என்றான். சார் கேட்கவில்லை. "திருட்டுப் பொருளா அது?" வக்கீலை வைத்து, கிடைத்த விவரத்தை எழுதி, ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கினார்.

உங்க வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது தூங்கலாம். கிடைத்தால் தேய்க்காதீங்க, விசையை இழுத்துப் பார்க்காதீங்க, முதலில் ஒரு வக்கீலைப் பாருங்க. தாத்தா கதையை மட்டும் பத்திரமா வச்சுக்குங்க. அதுக்கு லைசென்ஸ் வேண்டாம்.