ரந்தாவ் மண் சாலையில் ஒரு சனிக்கிழமை

சிரம்பானிலிருந்து தெற்கே போனால் ரந்தாவ் வரும். பெரிய ஊர் என்று சொல்ல முடியாது. ஆனால் சுற்றியிருக்கும் தோட்டங்களுக்கு அதுதான் பட்டணம். மலாய் மொழியில் 'ரந்தாவ்' என்றால் ஆற்றோர நிலம், கரையோரப் பகுதி என்று பொருள். அதிலிருந்து பிறந்த 'மெரந்தாவ்' என்ற சொல்லுக்குப் பிழைப்புத் தேடி ஊரை விட்டுப் போவது என்று அர்த்தம். கப்பலேறி வந்த நம் பாட்டன்மாருக்கு இரண்டுமே பொருந்தும்.

பால்மரம் நின்ற இடங்களில் பெரும்பாலும் இன்று செம்பனை நிற்கிறது. தார்ச்சாலை முடிந்து தோட்டத்துக்குள் திரும்பியதும் செம்மண் சாலை ஆரம்பம். வெயில் காலத்தில் அலை அலையாக வரி விழுந்திருக்கும். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை கொட்டினால் அந்த வரிகள் குழியாகிவிடும். மழைக்காக வேலையை நிறுத்த முடியாது. வெட்டிய குலையை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்ப்பதுதான் முறை. நேரம் ஆக ஆக எண்ணெயில் புளிப்பு ஏறித் தரம் இறங்கும். ஆகவே எந்தச் சாலையானாலும் வண்டி ஓடித்தான் ஆகவேண்டும்.

என் அக்காள் மகன் பழைய போர்வீல் பிக்கப் ஒன்று வைத்துக்கொண்டு குலை ஏற்றுகிறான். அதே வண்டியில்தான் வாரம் மூன்று நாள் அக்காவை டயாலிசிஸுக்குச் சிரம்பானுக்கு அழைத்துப் போகிறான். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இருந்துவிட்டு, துவண்டுபோய் வருகிறவள் அவள். வீடு திரும்பும்போது கடைசி இரண்டு மைல் மண் சாலை. "தம்பி, ஊசி குத்துறது கூட வலிக்கல. இந்தக் குலுக்கல்தான் உசுரு போகுது," என்று என்னிடம் சொன்னாள்.

வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். சுமை தாங்கட்டும் என்று பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்திருந்தான். அப்படியும் பின்பக்கம் தாழ்கிறதே என்று ஒரு கடையில் கேட்டிருக்கிறான். இருப்பதிலேயே நீளமான, விறைப்பான அப்சோர்பரைத் தலையில் கட்டிவிட்டார்கள். அது குழியில் முழுவதும் அமுங்கி, அதற்குமேல் போக இடமில்லாமல் இடித்து, மேலே பிடித்திருந்த இரும்பையே சேசிஸிலிருந்து பிய்த்துவிட்டது. பிறகு பற்றவைத்ததையும் புகைக்குழாய்க்கு இடம் விட்டுச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

தப்பு எங்கே ஆரம்பித்தது தெரியுமா? அப்சோர்பர் சுமையைத் தாங்குவதில்லை. சுமை தாங்குவது ஸ்பிரிங்தான். அமுங்கிய ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இராமல் அடக்குவதே அப்சோர்பரின் வேலை. உள்ளேயிருக்கும் எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கிப் போவதால் அந்த அடக்கம் கிடைக்கிறது. வண்டி தாழ்கிறது என்று அப்சோர்பர் மாற்றுவது, வயிற்றுவலிக்குக் கண்ணாடி போட்டுக்கொள்வது போலத்தான்.

"மாமா, அப்ப கல்லு மாதிரி இருக்கிறதைப் போட்டாதானே லோட்டுக்கு நல்லது?" என்றான் பையன். குலைக்கு நல்லதுதான். வெறும் வண்டியில் பின்சீட்டில் உட்காரும் உன் அம்மாவுக்கு? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சேர்த்த பட்டையைக் கழட்டிடலாம். ஒரு நடைக்குப் பதிலா ரெண்டு நடை ஓட்டுறேன்," என்றான். எண்ணெய்ச் செலவு கூடும் என்று அவனுக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலையில் பட்டையைக் கழற்றிவிட்டு, வண்டியைச் சமதரையில் நிறுத்தி அளந்தோம். மேல் போல்ட்டிலிருந்து கீழ் போல்ட்வரை 455 மில்லிமீட்டர். அச்சுக்கும் அதற்கு மேலே இருக்கும் இடிதாங்கும் ரப்பருக்கும் இடைவெளி 80. ரப்பர் நசுங்குவதற்கு ஒரு 20. ஆக, அப்சோர்பர் மூடிய நிலையில் 355-க்குக் குறைவாக இருக்கவேண்டும். அப்போதுதான் இடியை ரப்பர் வாங்கும். சக்கரத்தைத் தொங்கவிட்டபோது 535 வந்தது. விரிந்த நீளம் அதைவிடக் கூடுதலாக வேண்டும். பட்டணத்தில் 340-க்கு மூடி 550-க்கு விரியும், நடுத்தர விறைப்புள்ள ஜோடி கிடைத்தது. ஒற்றையாக மாற்றக்கூடாது, இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும்.

சாய்ந்த பிடியை வெட்டி, தொழில் தெரிந்த சீனப் பெரியவர் ஒருவரிடம் நிமிர்த்திப் பற்றவைத்தோம். அப்சோர்பர் 45 பாகை சாய்ந்தால் அதன் பலன் பாதியாகிவிடும். புகைக்குழாயைத்தான் ஒதுக்கவேண்டுமே தவிர, அப்சோர்பரை அல்ல.

வீட்டுப் பக்கத்து ரம்புத்தான் மர நிழலில் மாட்டும் வேலை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுக்கக்கூடாது. கீழே தாங்குகால் கொடுத்தோம். புது அப்சோர்பரை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை இழுத்து அமுக்கினால் உள்ளேயிருக்கும் காற்று மேலே போய்விடும். இரட்டைக் குழாய் வகைக்கு இது அவசியம். போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகி, வண்டியைத் தரையில் இறக்கிய பிறகே இறுக்கினோம். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் புஷ் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். கையில் அந்தப் புஷ்ஷை உருட்டிப் பார்த்த அக்கா, "இது நம்ம சீவின பாலா இருக்குமோ?" என்று சிரித்தாள். இருக்கலாம். இத்தகைய புஷ்களுக்கு இயற்கை ரப்பரை இன்றும் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள்.

அந்தக் காலத்தில் துரையின் லேண்ட்ரோவர் பெஞ்சில் ஏறிக் குதித்துக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது. நாலு சக்கரத்திலும் பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டி. அப்போது நமக்கு முதுகும் இருந்தது, வயதும் இருந்தது.

மாலையில் அக்காவைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஆலைப் பக்கம்வரை போய்வந்தோம். பெரிய குழி ஒன்றில் இறங்கி ஏறியது வண்டி. பையன் கண்ணாடியில் அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"குலுக்குதுடா, இல்லேன்னு சொல்லல. ஆனா தூக்கி அடிக்கல," என்றாள்.

நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொல்லிவிட்டுச் சிரம்பான் பஸ் ஏறினேன்.