மணமேல்குடியில் ஒரு கொம்பன்

அறந்தாங்கியில் பஸ் ஏறித் தென்கிழக்கே சென்றால், பாக் ஜலசந்திக் கரையில் மணமேல்குடி வருகிறது. அறுபத்துமூவரில் ஒருவரும், நின்றசீர் நெடுமாற பாண்டியனின் மந்திரியுமான குலச்சிறை நாயனார் அவதரித்த ஸ்தலம் அது. நாம் அங்கே போனதும் அவரை உத்தேசித்துத்தான். ஆனால் அன்றையப் பொழுதில் பெரும்பகுதியை ஒரு வண்டு அபகரித்துக் கொண்டது!

தாகசாந்திக்காக, நமக்குப் பழக்கமான பெரியவர் ஒருவரின் தென்னந்தோப்பில் நுழைந்தோம். 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் வேதாரணியத்துக்கு அருகே கரையேறிய கஜாப் புயல், இப்பக்கத்துத் தென்னைகளை வாரிச் சாய்த்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெரியவரின் தோப்பில் மிஞ்சியவை சொற்பம். மறு வருஷமே புதிதாகக் கன்றுகள் வைத்தார். அவை பாளை விடும் நாளைத்தான் குடும்பமே எதிர்பார்த்திருக்கிறது.

"இதைப் பாருங்க, ஐயா" என்று ஓர் இளமரத்தைக் காட்டினார். அதன் மட்டைகள் கத்தரிக்கோலால் வெட்டினாற்போல் விசிறி வடிவில் நறுக்குண்டிருந்தன. எல்லாம் காண்டாமிருக வண்டின் கைவரிசை! தலையில் ஒற்றைக் கொம்பு தாங்கிய இந்தக் கறுப்பு ஆசாமி, இரவில் பறந்து வந்து விரியாத குருத்தைத் துளைக்கிறான். மடிந்திருக்கும் குருத்தில் விழுந்த துளை, மட்டை விரியும்போது வரிசையான வெட்டுகளாக வெளிப்படுகிறது. வளர்ந்த மரம் ஒருவாறு தாங்கும். இளமரத்தின் குருத்து அழுகினால் மரமே போயிற்று. அந்தக் காயத்தில் சிவப்புக் கூன்வண்டு முட்டையிட்டாலோ, அதன் புழுக்கள் தண்டை உள்ளிருந்தே தின்று தீர்த்துவிடும்.

விசித்திரம் என்னவென்றால், காண்டாமிருக வண்டின் புழு உயிருள்ள தென்னையைத் தீண்டுவதில்லை. மக்கிய தண்டிலும் எருக்குழியிலுமே அது வளர்கிறது. ஆகவே புயல் வீழ்த்திய மரம், கிடந்த இடத்திலேயே மக்கினால், நிற்கும் மரத்துக்கு யமனாகிறது. ஐரோப்பாவின் ஸ்புரூஸ் காடுகளிலும் ஏறக்குறைய இதே கதைதான். அங்கே பட்டைக்கடியில் வாழும் சின்னஞ்சிறு வண்டுகள், காற்றில் விழுந்த மரங்களில் பெருகிய பிறகு நிற்கும் மரங்களின்மேல் பாய்கின்றன.

பெரியவர் சோம்பேறியல்ல. விழுந்த தண்டுகளை அப்போதே அப்புறப்படுத்தினார். வேப்பம் புண்ணாக்கையும் மணலையும் கலந்து மட்டை இடுக்குகளில் வைக்கிறார். ஆமணக்குப் புண்ணாக்குக் கரைத்த பானைகளில் வண்டுகளை விழ வைக்கிறார். அப்படியும் வருகின்றனவே!

"அடுத்த தோப்பு எருக்குழியைக் கிளறி மூணு வருஷமாச்சு. நான் சொன்னாச் சண்டையாயிடும்; நீங்க சொல்லுங்களேன்" என்றார்.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வது வேறு; மீசை நரைத்தவர்களுக்குச் சொல்வது வேறு. ஆயினும் இளநீர் குடித்த கடன் இருந்ததே! போனோம்.

"நம்ம குப்பையிலா? இருக்காதுங்க" என்று சிரித்தவாறே அவர் மண்வெட்டியை எடுத்தார். இரண்டாவது வெட்டிலேயே, கட்டைவிரல் பருமனுள்ள வெள்ளைப் புழுக்கள் சுருண்டு உருண்டன. எண்ணத் தொடங்கிய நாம் நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கோழிகளைத் திறந்துவிட்டு, வேலிக்கு அப்பால் பார்த்து, "அண்ணே, உங்க கூடை ஒண்ணு குடுங்க" என்று குரல் கொடுத்தார்.