நான் போட்ட போர்வெல்

பட்டுக்கோட்டை தாண்டியதும் காரில் ஏசியை அணைக்கச் சொல்லிக் கண்ணாடியை இறக்கினேன். பேராவூரணி நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் தென்னை நெருக்கிக்கொண்டு வரும். அந்த நிழல்காற்று முகத்தில் பட வேண்டும் என்று திருச்சியில் விமானம் இறங்கும்போதே ஆசை. 15 வருஷத்து ஆசை. காற்று அனலாக அடித்தது. தோப்புகள் இருந்தன, மரங்கள்தான் இரண்டு ஆள் உயரம். ஊர் முழுக்க வானம் தெரிந்தது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது நான் சிங்கப்பூரில் இரவு ஷிப்டில் இருந்தேன். வீட்டுக்குப் போன் போகவில்லை. நாலாம் நாள்தான் சித்தப்பா குரல் கேட்டது. "உசுரு இருக்குடா தம்பி. மரந்தான் இல்ல." 120 மரத்தில் 9 நின்றதாம். பணம் அனுப்பினேன். எங்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அப்படி அனுப்பிய பணத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அதைத் தண்ணீரிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1934-ல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்தது கல்லணைக் கால்வாய். எங்கள் பக்கம் அதன் கடைமடை. தலைமடைக்காரர்கள் குளித்துக் கரையேறிய பிறகுதான் எங்களுக்குக் கால் நனையும். சில வருஷம் அதுவும் இல்லை. நெல்லை நம்பி எத்தனை நாள் வானத்தைப் பார்ப்பது? ஊர் தென்னைக்கு மாறியது. தென்னைக்கு வருஷம் பூராவும் தண்ணீர் வேண்டும். 2003-ல் நான் அனுப்பிய முதல் பெரிய தொகையில் சித்தப்பா போர் போட்டார், 180 அடி. வெளிநாட்டில் ஆள் இருந்த வீட்டுக்கெல்லாம் ஒரு போர் வந்தது.

கோடையில் எங்கள் ஊர் ஏரிக்கரைக்கு மண் போட வீட்டுக்கு ஓர் ஆள் போவது தாத்தா காலத்து வழக்கம். போர் வந்த வீடுகளிலிருந்து யாரும் போகவில்லை. மடை தூர்ந்தது, ஏரிக்குள் சீமைக் கருவேலம் ஏறியது. பத்து வருஷத்தில் 180 அடி வற்றி 350-க்கு இறக்கினார்கள். அதற்கும் நான்தான் அனுப்பினேன். புயல் ஒரு ராத்திரியில் செய்ததைப் பேசுகிறோம். நாங்கள் 15 வருஷம் நிதானமாகச் செய்ததை யாரும் பேசுவதில்லை.

மறுநாள் சித்தப்பா பைக்கில் பேராவூரணிப் பெரியகுளத்துக்குக் கூட்டிப்போனார். 564 ஏக்கர். நான் விட்டுப் போனபோது முள்காடு. இப்போது அலை கரையில் தட்டுகிறது. ஒரு முக்குளிப்பான் மூழ்கி, நாங்கள் எதிர்பாராத இடத்தில் தலையை நீட்டியது. துபாயில் மென்பொருள் வேலையில் இருந்த நிமல் ராகவன் கஜாவுக்குப் பிறகு ஊரோடு தங்கிவிட்டார். அவரும் உள்ளூர் இளைஞர்களும் சேர்ந்து 'கைஃபா' என்று கடைமடை விவசாயிகள் சங்கம் தொடங்கி, 2019-ல் ஊரார் கொடுத்த பணத்தில் பொக்லைன் இறக்கித் தூர் வாரினார்கள். ஊரே தென்னங்கன்று கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அப்போது ஏரியில் போய்க் கைவைக்க ஒரு தெளிவு வேண்டும். அவரும் என்னைப் போல வெளிநாடு போனவர்தான் என்பது கொஞ்சம் உறுத்தியது.

"முன்ன ஒரு மாசம் நின்னு பேஞ்ச மழை இப்ப ரெண்டு நாள்ல கொட்டிட்டுப் போயிடுது. புடிச்சு வெக்க எடம் வேணும்ல" என்றார் சித்தப்பா. பருவநிலை மாற்றத்துக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் கேட்டதில்லை. பக்கத்துத் தோப்புகளில் போர்த் தண்ணீர் மேலே வந்திருக்கிறதாம்.

"நம்ம ஊரு ஏரி?"

பதில் சொல்லாமல் வண்டியைத் திருப்பினார்.

எங்கள் ஏரியில் முள்ளைத் தவிர ஒன்றும் இல்லை. வரத்து வாய்க்காலைத் தேடிக்கொண்டே நடந்தேன். அது எங்கள் தோப்புக்குள் வந்து காணாமல் போயிற்று. கடைசி வரிசையில் 7 தென்னை, வாய்க்காலின் நடுவயிற்றில். கஜா பழைய மரங்களைப் பிடுங்கிப்போட்டு வாய்க்காலை ஒருமுறை திறந்துதான் கொடுத்திருக்கிறது. நாங்கள் அதே குழிகளில் திரும்ப நட்டிருக்கிறோம், நான் அனுப்பிய பணத்தில் வாங்கிய கன்றுகளை.

"எடுத்துருவோம் சித்தப்பா."

"காய்ப்புக்கு வர்ற நேரம்டா" என்றார். ஒரு மரத்தின் அடியில் கிடந்த காய்ந்த மட்டையை இழுத்து ஓரமாகப் போட்டார். அதற்கு மேல் அன்று பேசவில்லை.

நான் திரும்பி வந்து மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் போன் செய்தார். நாலு மரத்தை எடுத்துவிட்டாராம். மீதி மூன்றில் பாளை வந்துவிட்டது.