நானும் ஒரு கேடி!



முதலாம் ஆண்டில் சேர்ந்த புதிதில், கேன்டீனில் ஒரு நாள், "ஞாயித்துக்கிழமை என்னடா பண்ணுவே?" என்று கேட்டார்கள். "கேடி வேலைக்குப் போவேன்" என்றேன். ஒரே சிரிப்பு! அன்றிலிருந்து நம் மெக்கானிக்கல் பிரிவில் எனக்குப் பெயரே 'கேடி'தான்.

போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ ஒட்டி வைக்கிற கேடி இல்லை, ஐயா! கோல்ஃப் மைதானத்தில் ஆடுகிறவரின் பையைச் சுமந்துகொண்டு, பந்து விழுந்த இடத்தைக் கண்ணிலேயே வைத்துக்கொண்டு, நாலு மணி நேரம் கூடவே நடக்கிறவனுக்கும் அதே பெயர்தான். என் அப்பா இருபத்திரண்டு வருடமாகக் கேடி. நான் பத்தாவது முடித்த விடுமுறையிலிருந்து ஞாயிறு மட்டும். (ஊர்ப் பெயரும் க்ளப் பெயரும் வேண்டாமே!)

அங்கே நான் கவனித்த முதல் விஷயம் இது. புதிதாக இரண்டு பேர் சந்தித்தால், "எங்க வேலை பாக்குறீங்க?" என்பதற்கு முன்பே, "உங்க ஹேண்டிகேப் என்ன?" என்றுதான் கேட்பார்கள். நமக்கு அந்த வார்த்தை என்றால் ஏதோ குறை என்று அர்த்தம். அங்கே அது ஒரு எண். குதிரைப் பந்தயத்திலிருந்து கோல்ஃபுக்கு வந்த சொல் அது. பந்தயத்தில் வேகமான குதிரையின் முதுகில் கூடுதல் எடை ஏற்றுவார்கள். கோல்ஃபில் திறமை குறைந்தவருக்குச் சில அடிகளைக் கழித்துக் கொடுப்பார்கள். நோக்கம் ஒன்றுதான்: இரண்டு பேரும் சமமாக மோத வேண்டும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 18 குழிகளுக்கும் சேர்த்து 'பார்' 72 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது தேர்ந்த ஆட்டக்காரர் 72 அடிகளில் முடிக்க வேண்டும். ஹேண்டிகேப் 18 உள்ளவர் 90 அடித்தால் கழிவு போக 72. ஹேண்டிகேப் 6 உள்ளவர் 79 அடித்தால் கழிவு போக 73. பதினோரு அடி அதிகம் அடித்தவர் ஒரு அடியில் ஜெயித்துவிட்டார்! கிரிக்கெட்டில் நம் தெரு டீமும் ரஞ்சி டீமும் இப்படி மோத முடியுமா?

நம் மெட்ராலஜி லேபை நினைத்துப் பாருங்கள். வெர்னியர் காலிப்பரின் தாடைகளை மூடினால் ஜீரோவும் ஜீரோவும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அது ஜீரோ எரர். அதற்காக யாரும் கருவியைத் தூக்கி எறிவதில்லை. பிழை எவ்வளவு என்று எழுதி வைத்துக் கழித்தால் சரியான அளவு கிடைத்துவிடும். ஹேண்டிகேப்பும் அதேதான். 24 என்று சொல்வதில் ஒரு வெட்கமும் இல்லை. ஆனால் அந்த 24 உண்மையான 24 ஆக இருக்க வேண்டும்!

2020-ல் உலகம் முழுவதற்கும் பொதுவான முறை ஒன்று வந்தது. கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8-ஐ எடுத்து, மைதானம் எவ்வளவு கடினம் என்பதையும் கணக்கில் சேர்த்துச் சராசரி பார்க்கிறார்கள். அதிகபட்சம் 54. ஒரு நாள் சொதப்பினால் எண் ஏறிவிடாது. ஏனென்றால் அந்தக் கார்டு சிறந்த எட்டில் வரவே வராது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கார்டைக் கொடுக்க வேண்டியவன் மனிதன் ஆயிற்றே!

இந்த எண்ணால் கெட்டுப்போகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகம் கௌரவப் பிரியர். மோசமாக ஆடிய கார்டுகளை மறைத்துவிட்டு, "நான் 9" என்று மீசையை முறுக்குவார். போட்டி என்று வந்தால் தோற்றுப் போவார். அவரால் அவருக்கு மட்டும்தான் நஷ்டம். இரண்டாவது ரகம் கப் பிரியர். நன்றாக ஆடிய கார்டுகளை மறைத்து, எண்ணை ஏற்றி வைத்துக்கொள்வார். அவரால் மற்றவர்களுக்கு நஷ்டம்.

இரண்டாவது ரகத்தில் ஒருவருக்கு நான் பை தூக்கினேன். அவர் ஹேண்டிகேப் 20. ஆனால் அன்றைக்கு 84-ல் முடித்தார். கூட ஆடியவர் அவருடைய தோஸ்த், கண்டுகொள்ளவில்லை. கார் நிறுத்துமிடத்தில் கார்டை என் கையில் கொடுத்து, "தம்பி, இதைக் கிழிச்சுப் போட்டுடு. இன்னிக்கு நான் ஆடவே இல்ல, சரியா?" என்றார். கார்டுக்கு அடியில் கூலிக்கு மேல் ஒரு இருநூறு ரூபாய் நோட்டு. அந்த வாரம்தான் பரீட்சை ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது. கிழித்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து க்ளப் போட்டி. அப்பா பை தூக்கியது ஒரு டாக்டர் ஐயாவுக்கு. வயது 74, ஹேண்டிகேப் 24. அன்றைக்கு அவருக்கு எல்லாமே கைகூடி வந்தது. 92 அடித்தார், கழிவு போக 68. எல்லோரும் கை கொடுத்தார்கள். இத்தனை வருடத்தில் ஒரு கப் கூட வாங்காதவர் அவர். கடைசியில் வந்து சேர்ந்தது நம்ம ஆளின் கார்டு. 87-ல் 20 போக 67! கைதட்டினார்கள். நானும் தட்டினேன். டாக்டர் ஐயா தன் கார்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சைக்கிளில் வீடு திரும்பும்போது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே நின்றபோதுதான் சொன்னார்: "பையைத் தூக்கத்தான்டா கூலி. வாயை மூட இல்ல. அந்தக் காசைத் திருப்பிக் குடுத்துடு."

கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். அப்புறம் அவர் என்னைக் கூப்பிடுவதே இல்லை.

டாக்டர் ஐயாவிடம் சொல்லத்தான் எனக்குத் தைரியம் தேவைப்பட்டது. இரண்டு ஞாயிறு தள்ளிப் போட்டு, மூன்றாவது ஞாயிறு சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "கமிட்டிக்கு நான் சொல்லிக்கிறேன், உன் பேர் வராது" என்றார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"தம்பி, அறுபது வயசுல நான் 15. அப்புறம் வருஷா வருஷம் ஏறிக்கிட்டேதான் இருந்துச்சு. உடம்பு சொல்றதை அந்த நம்பரும் சொல்லுது, என்ன பண்றது? அன்னிக்கு அடிச்ச 92-க்கு அப்புறம் 24 இருந்தது 23 ஆயிடுச்சு. பதினாலு வருஷத்துல முதல் தடவையா இறங்கியிருக்கு. வீட்டுல அம்மாகிட்ட அந்தக் கார்டைத்தான் காட்டினேன். கப்பை வெச்சு நான் என்ன செய்யப் போறேன்?"

நண்பர்களே, ஹேண்டிகேப் எவ்வளவு முக்கியம் என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த முகம்தான் ஞாபகத்துக்கு வரும். பிறர் முன்னால் காட்டிக்கொள்ள அது ஒன்றுமே இல்லை. தன்னைத்தானே அளந்து பார்க்க அதைவிட நல்ல கருவி இல்லை. பக்கத்து பெஞ்ச் ரீடிங்கைப் பார்த்து அப்சர்வேஷன் நோட்டை நிரப்பும் நாமும் கொஞ்சம் யோசிக்கலாம். (நானும்தான்!)

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். எங்கள் மைதானத்தில் திங்கட்கிழமை காலையில் கேடிகள் ஆடலாம். யாரோ கொடுத்த பழைய மட்டைகளை வைத்துக்கொண்டு அப்பா ஆடுவதைப் பார்க்க வேண்டுமே! டெல்லியில் கேடியாகத் தொடங்கிய அலி ஷேர் 1991-ல் இந்தியன் ஓப்பனையே ஜெயித்தார். அந்தக் கதையை அப்பா நூறு தடவையாவது சொல்லியிருப்பார். ஆனால் ஹேண்டிகேப் என்பது க்ளப் உறுப்பினர்களுக்குத்தான். இருபத்திரண்டு வருடத்தில் அப்பாவிடம் யாரும் "உங்க ஹேண்டிகேப் என்ன?" என்று கேட்டதில்லை.

நான் கேட்டேன். திங்கட்கிழமை சாயங்காலம் அவர் குழி குழியாகச் சொல்லச் சொல்ல, பழைய லேப் நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வந்தேன். இருபது ஆட்டம் சேர்ந்ததும் முறைப்படி கணக்குப் போட்டேன். 8.6 வந்தது. அந்தப் பெரிய மனிதர்களில் பாதிப் பேரை நெருங்க விடாத எண்! முறைப்படி இது எங்கும் செல்லாது.

அப்பா நோட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"மழைக்காலத்துல ஒரு நாள் 96 அடிச்சேனே, அதை எழுதினியா?"

"அது எட்டுல வராதுப்பா."

"வராட்டி என்ன? எழுதி வை."

எழுதி வைத்தேன்.

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்