விடுப்பின் கணக்கு

விடுப்பு என்பது உழைத்த மணிகளின் மீதிச் சில்லறையா, அல்லது உழைப்பவருக்குரிய ஓய்வா? இங்கிலாந்தில் இக்கேள்வி ஓர் இசை ஆசிரியையின் வழக்கில் எழுந்தது. பெட்ஃபோர்டில் ஒரு பள்ளியில் சாக்ஸபோனும் கிளாரினெட்டும் கற்பித்தவர் அவர். பள்ளி நடக்கும் வாரங்களில் மட்டுமே வேலை. ஒப்பந்தமோ ஆண்டு முழுவதற்கும். 2011இல் நிர்வாகம் அவருடைய விடுப்பு ஊதியத்தை, ஈட்டிய ஊதியத்தில் 12.07 விழுக்காடு என்று சுருக்கியது. சட்டம் தரும் 5.6 வார விடுப்பை எஞ்சிய 46.4 வாரங்களால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. ஒப்பந்தம் ஆண்டு முழுவதும் நீடிக்கிறது, ஆகவே 5.6 வாரமும் குறையாமல் உண்டு என்றது.

லண்டனில் மாலை வகுப்புகள் எடுத்துவந்த எங்களுக்கு அத்தீர்ப்பு ஒரு நிழலாக இருந்தது. நிழல் நீடிக்கவில்லை. அரசு விதிகளைத் திருத்தியது. 2024 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் விடுப்புக் கணக்குகளுக்கு அதே 12.07 சட்டமாகவே திரும்பி வந்தது. எங்கள் நிர்வாகத்திடமிருந்து நான்கு வரிக் கடிதம் வந்தது. வாரம் ஆறு மணி வீதம் ஆண்டுக்கு முப்பது வாரம் கற்பிக்கிறோம். 33.6 மணி நேரத்துக்குக் கிடைத்த விடுப்பு ஊதியம் 21.7 மணி நேரத்துக்கு என்றாயிற்று.

பன்னிரண்டு மணி நேரம்தானே எனலாம். எங்களுக்கு அது இரண்டு வார ஊதியம். வகுப்பில்லாத வாரங்களிலும் கட்டுரைகளைத் திருத்துகிறோம். அடுத்த பருவத்துக்குப் பாடம் தயாரிக்கிறோம். அந்த மணிகள் எந்த விழுக்காட்டிலும் சேர்வதில்லை.